மிச்ச ஒலி

தெருமுனை திரும்பும்போதே அந்த வீட்டு டிவி கேட்டது.

செய்தி வாசிப்பவர் அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே வாசித்துக்கொண்டிருந்தார். மத்தியான வெயிலில் வண்டியை ஓரம் கட்டினான் டெசிபல். அழைப்பு மணியை அழுத்தினான். யாரும் வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினான். கதவைத் தட்டினான். கடைசியில் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். ஆட்டிய கைதான் பலித்தது.

"மணியெல்லாம் எனக்குக் கேட்காது தம்பி. வாசல் மணி, போன் மணி, எதுவுமே." கதவைத் திறந்த பெரியவர் அதைக்கூடத் தெருவுக்கே சொன்னார். "கம்ப்யூட்டர் கடைக்காரர் அனுப்பிச்ச ஆள் நீதானா? பேரு என்னமோ சொன்னாரே..."

"டெசிபல் சார்" என்று அவனும் உரக்கவே சொன்னான்.

"என்னப்பா பேரு அது, காய்ச்சல் மாத்திரை மாதிரி!"

"பட்டப்பேரு சார். ஸ்பீக்கர் ரிப்பேர் பண்றேன். பழைய பதிவு தெளிவா இல்லைன்னா சுத்தம் பண்ணித் தருவேன். பேசறவங்க தொண்டையைச் செருமினாக்கூட எத்தனை டெசிபல்னு சொல்லுவேன்னு கூட்டாளிங்க கிண்டலா வெச்சது. அதுவே நிலைச்சிடுச்சு."

பெரியவர் சிரித்தார். அகலமான தோள். உட்கார்ந்தே உழைத்தவர்களுக்கு வரும் கனத்த இடுப்பு. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். ஆயுள் முழுக்க இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் இரண்டு காதும் போய்விட்டன. காது மிஷின் ஒன்று டிவி தலையில் கிடந்தது.

"அதைப் போட்டுக்கக் கூடாதா சார்?"

"அதைப் போட்டா தலைக்குள்ள தகர டப்பாவை உருட்டற மாதிரி இருக்கு. வா, உள்ள வா. அவ ரூமு இந்தப் பக்கம்."

'அவ' என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

கூடத்தை ஒட்டிய சின்ன அறை. கதவைத் தள்ளியதும் தைலமும் பழைய காகிதமும் கலந்த ஒரு வாசனை முகத்தில் வந்து உட்கார்ந்தது. எதிரொலி கூடாது என்று சுவர் முழுக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காலடி வைத்ததும் டிவி சத்தம் போர்வைக்கு அடியில் போனது போல மங்கியது. மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர். அதற்கு இரண்டு பக்கமும் ஒரு ஜோடி ஸ்பீக்கர். நடுவில் ஒரு மைக். அதன் தண்டு வளைந்து, முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மைக் தண்டின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில், ஒரு விசில் தொங்கியது. பஸ் கண்டக்டர்கள் ஊதும் உலோக விசில்.

"டீச்சர்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க என் வீட்டுக்காரியை" என்றார் டிரைவர். "ரிட்டயர் ஆனப்புறமும் சும்மா இருக்க மாட்டா. கண் தெரியாத பிள்ளைங்களுக்குன்னு ஒரு நூலகம் இருக்குல்ல? அவங்களுக்குப் பாடத்தையெல்லாம் வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுப்பா. தினமும் இந்நேரத்துக்கு. நான் அங்க டிவி பார்ப்பேன், அவ இங்க வாசிப்பா."

கம்பளியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தார்.

"ஒரு நாள் வாசிச்சுக்கிட்டே இருந்தவ, அப்படியே போயிட்டா. அவளுக்கு இரைப்பு உண்டு. சின்ன வயசுலேர்ந்தே. நான் வந்து பார்க்கறப்போ மேசை மேல சாஞ்சிருக்கா. கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. எனக்கு அதை நிறுத்தக்கூடத் தெரியல. பொண்ணு வந்துதான் நிறுத்தினா."

"அந்தப் பதிவைத்தான்..."

"ஆமா. அதைத்தான்."

டிரைவர் தானே போட்டுக் காட்டினார். இப்போது அந்தப் பொத்தான் அவருக்குப் பழகியிருந்தது. ஒரு பெண் குரல். மெல்லிய, ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்து வைக்கும் குரல். புவியியல் பாடம். மலையில் பிறக்கும் ஆற்றைப் பற்றி. 'சமவெளியை அடைந்ததும் ஆறு தன் வேகத்தை...' அங்கே ஒரு இருமல். நாற்காலி இழுபடும் ஓசை. மைக் எதிலோ மோதும் 'டொக்'. அப்புறம் ஒன்றுமில்லை.

நெடுநேரம் ஒன்றுமில்லை.

"இந்த ஒண்ணுமில்லாததுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும் தம்பி" என்றார். "சத்தத்தை முழுசா வெச்சுப் பார்த்தேன். கூட்டித் தர்ற புரோகிராம் ஒண்ணு எதிர்வீட்டுப் பையன் போட்டுக் குடுத்தான். ஸ்பீக்கர்தான் போச்சு. இது ரெண்டாவது ஜோடி."

டெசிபல் ஸ்பீக்கர்களின் முகத்தில் இருந்த துணியைக் கழற்றினான். வலது பக்கத்தில் கருகிய நாற்றம். உள்ளே சுருள் எரிந்து, செத்தே போயிருந்தது. இடது பக்கத்தின் காகிதக் கூம்பில் ஒரு கீறல். பாதி உயிர்.

"சார், நீங்க பஸ் ஓட்டினவர். உங்க பாஷையிலயே சொல்றேன். பஸ்ல ஒரு குள்ளமான ஆளு நிக்கறார். மேல இருக்கற கம்பி அவருக்கு எட்டல. அதுக்காக நீங்க தரையையே மொத்தமாத் தூக்கினா என்ன ஆகும்?"

"நெட்டையா நிக்கறவன் தலை கூரையில இடிக்கும்."

"அதேதான். இருமல், அந்த 'டொக்', கூடத்து டிவி, இதெல்லாம் நெட்டை. அதையும் சேர்த்துத் தூக்கினீங்க. இடிச்சு, கூரை கிழிஞ்சு போச்சு. செய்ய வேண்டியது வேற. நெட்டையா இருக்கறவங்க தலையில ஒரு கையை வெச்சு அழுத்திக்கணும். இதுக்கு மேல போகாதேன்னு. அப்புறம் குள்ளமானவர் காலுக்குக் கீழ மட்டும் ஒரு பலகை போடணும்."

"அடேயப்பா. இதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா ரெண்டு ஜோடி மிஞ்சியிருக்குமே!"

"நீங்க தரையைத் தூக்கறது எங்க கடைக்கு நல்லது சார், அதான் யாரும் சொல்லல."

அவர் மறுபடி சிரித்தார். சிரிப்பு முடியும் முன்பே அறை வாசலில் ஒரு உரத்த குரல்.

"இன்னும் அதைக் கிண்டிக்கிட்டுதான் இருக்கீங்களாப்பா?"

மகள். ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க, கைப்பையைக்கூட இறக்காமல் நின்றாள். அறைக்குள் கால் வைக்கவில்லை.

"நீதானேம்மா சொன்னே" என்றார் டிரைவர். சாதாரணமாகத்தான் சொன்னார். "அம்மா கூப்பிட்டிருப்பாங்க, உங்களுக்குத்தான் கேட்டிருக்காதுன்னு. அன்னிக்கு, எல்லார் முன்னாலயும். கூப்பிட்டாளா இல்லையான்னு பார்த்துடலாம்னுதான்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூப்பிட்டிருக்க மாட்டா தம்பி." அவர் டெசிபலிடம் திரும்பினார். விசிலைத் தொட்டுக் காட்டினார். "இதை நான்தான் வாங்கிக் குடுத்தேன். குரல் குடுத்தா எனக்குக் கேட்காது. ஆனா விசில் கேட்கும். எத்தனை வருஷப் பழக்கம்! தூக்கத்துல ஊதினாக்கூடக் கால் தானா பிரேக்குக்குப் போகும். ஒரு விசில்னா நிறுத்து, ஆள் பாக்கி இருக்கு. ரெண்டு விசில்னா போலாம். உனக்கு முடியலைன்னா ஒண்ணு ஊது, வந்து நின்னுடறேன்னு சொல்லி வெச்சிருந்தேன். அன்னிக்கு விசில் கேட்கல. சத்தியமா கேட்கல."

கூடத்தில் யாரோ டிவியில் கைதட்டினார்கள்.

டெசிபல் வேலையைத் தொடங்கினான். மூலப் பதிவைத் தொடாமல் ஒரு நகல் எடுத்தான். டிரைவர் கூடத்துக்குப் போனார். மகள் வாசல் நிலையிலேயே சாய்ந்து நின்றாள்.

அப்போதுதான் அவன் அதைப் பார்த்தான்.

இடது ஸ்பீக்கரின் கூம்பு அசைந்தது.

முன்னால் வந்தது. நின்றது. பின்னால் போனது. ஓசை எதுவும் இல்லை. காதுக்கு எட்டாத அடி ஒலி சில பதிவுகளில் இருக்கும். அது கூம்பைச் சத்தமில்லாமல் தள்ளித் தள்ளியே கிழித்துவிடும். அதை முதலில் வெட்டி எடுக்க வேண்டும். இது தெரிந்த சங்கதிதான். டெசிபல் திரையைப் பார்த்தான்.

பதிவு ஓடவே இல்லை.

கூம்பு மறுபடி முன்னால் வந்தது. பாதியில் ஒரு சின்ன நடுக்கம். சிரமப்பட்டு, தடுக்கித் தடுக்கி, பின்னால் போனது.

அவன் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான்.

கூம்பு இன்னொரு முறை ஏறி இறங்கியது.

அப்புறம்தான் நின்றது.

'மின்விசிறிக் காத்து' என்று சொல்லிக்கொண்டான். நிமிர்ந்து பார்த்தான். அந்த அறையில் மின்விசிறி இல்லை. பதிவில் விழும் என்று டீச்சர் மாட்டவே விடவில்லை போலிருக்கிறது.

"என்ன ஆச்சு?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல மேடம்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டான். வேலைதான் இந்த மாதிரி நேரத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அடி ஒலியை வெட்டினான். உச்சங்களின் தலையில் கை வைத்தான். மெல்லியதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினான். தூக்கத் தூக்க, ஒன்றுமில்லாத அந்த நேரம் முழுக்க மழை பிடித்துக்கொண்டது. 'ஸ்ஸ்ஸ்' என்று ஓயாத ஒரு இரைச்சல். அதற்குப் பின்னால் எங்கோ டிவியில் ஒரு பாட்டுப் போட்டி.

இரைச்சலை எடுக்க ஒரு வழி உண்டு. யாரும் பேசாத ஒரு துண்டைக் காட்டி, 'இதுதான் இரைச்சல், முகத்தைப் பார்த்துக்கொள்' என்று கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்ய வேண்டும். பிறகு அந்த முகம் எங்கே தெரிந்தாலும் அது அழித்துவிடும். டெசிபல், நாற்காலி ஓசைக்கு அப்புறம் வந்த நீளமான வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்தான். அதில் பேச்சு இல்லை. அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

பொத்தானை அழுத்தினான். மழை நின்றது.

டிரைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, அவர் காதுக்கு ஏற்றபடி ஒலியைக் கூட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டார். மனைவியின் குரல் வந்த இடத்தில் உதடு அசைந்தது. பாடம் அவருக்கு மனப்பாடம் போல. இருமல். நாற்காலி. டொக். அப்புறம் சுத்தமான, நீளமான மௌனம். அடியில் டிவியின் முணுமுணுப்பு. அது முடியும்வரை அவர் அசையவில்லை.

"விசில் இல்ல" என்றார்.

"இல்ல சார்."

"வேற எதுவும் இல்ல."

"எதுவும் இல்ல."

நிம்மதி வரும் என்று டெசிபல் அந்த முகத்தைப் பார்த்தான். வரவில்லை. வேறு எதையோ தேடி, அது கிடைக்காத முகமாக இருந்தது. "சரி, காபி போடறேன்" என்று எழுந்து போனார்.

டெசிபலுக்கு ஒரு பழக்கம் உண்டு. துணி அலசிய தண்ணீரைக் கொட்டுவதற்கு முன், மோதிரம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று சிலர் கைவிட்டுத் துழாவுவார்கள் இல்லையா? அதே மாதிரி, அழித்தது என்ன என்பதை ஒரு முறை கேட்டுவிடுவான். எடுத்துவிட்ட மிச்சத்தை மட்டும் தனியாகக் கேட்க வழி இருக்கிறது.

கேட்டான்.

மழை. வெறும் மழை.

இல்லை. மழை இப்படி ஏறி இறங்காது.

'ஸ்ஸ்...' என்று உள்ளே இழுத்தது. நின்றது. 'ஃபூ...' என்று வெளியே விட்டது. விட்ட இடத்தில், மிக மிகச் சின்னதாக, ஏதோ உருண்டது. கடுகு டப்பாவை ஒரு விரலால் சாய்த்தது போல. மறுபடி ஒரு இழுப்பு. மறுபடி 'ஃபூ'. மறுபடி அந்த உருளல். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மெலிதாக.

அவன் கை தானாக நீண்டது. மைக் தண்டில் தொங்கிய விசிலை எடுத்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, காதருகே வைத்து லேசாகச் சாய்த்தான்.

உள்ளே இருந்த தக்கை உருண்டை உருண்டது.

அதே ஓசை.

விசிலை இருந்த இடத்திலேயே மாட்டினான்.

"ஏதோ கேட்டுட்டீங்க" என்றாள் மகள். இப்போது அவள் அறைக்குள் வந்திருந்தாள். "சொல்லுங்க."

"மேடம், இரைச்சல்னு நினைச்சு நான்..."

"குடுங்க."

அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். டெசிபல் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தான். கோடு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

"இது இரைச்சல் இல்லைங்க." அவள் குரல் உடைந்தது. "இரைப்பு. எங்கம்மாவோட இரைப்பு. சின்ன வயசுல தினமும் இதைக் கேட்டுக்கிட்டேதான் நான் தூங்குவேன். இதைப் போய்..."

"தப்புதான் மேடம். பேச்சு இல்லாத இடம்னு..."

"ஊதியிருக்காங்க." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஊதி ஊதிப் பார்த்திருக்காங்க. காத்துதான் வந்திருக்கு. இரைப்புக்காரிக்குப் போய் விசில் வாங்கிக் குடுத்திருக்கார் பாருங்க மனுஷன்."

கூடத்தில் பாத்திரம் விழும் சத்தம். டிரைவர் தனக்குத் தானே ஏதோ உரக்கத் திட்டிக்கொண்டார். மகள் கண்ணைத் துடைத்தாள். அழுகை நின்ற இடத்தில் வேறொரு முகம் வந்திருந்தது.

"அழிச்சுடுங்க."

"மேடம்?"

"இந்த மிச்சத்தை அழிச்சுடுங்க. அப்பா கேட்டது அப்படியே இருக்கட்டும். கோவத்துல நான் சொன்ன ஒரு வார்த்தைக்கே மனுஷன் பாதியாயிட்டார். இது தெரிஞ்சா மீதியும் இருக்க மாட்டார். அம்மா கூப்பிடல. அவ்வளவுதான்."

டெசிபல் தயங்கினான். பிறகு, சேமிக்காமலேயே மூடினான். 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றான்.

திரை வெறுமையானது.

அந்த நொடி, கூடத்தில் டிவி நின்றது.

வீடே காது அடைத்தது போலானது. அந்த வீட்டில் இவ்வளவு அமைதி இருந்ததா என்று டெசிபலுக்குத் தோன்றியது. செருப்பில்லாத கால்கள் வேகமாக வந்தன. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கத் தவறியவரின் வேகம்.

டிரைவர் வாசலில் நின்றார். கையில் காபி வடிகட்டி. காதில் மிஷின் இல்லை.

"யாரு விசில் ஊதினது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரும் ஊதலைப்பா."

"ஊதினீங்க. ஒரு விசில். எனக்கா தெரியாது? டிவியில ஏதோன்னு அதை அணைச்சேன். அணைச்சப்புறமும் கேட்டுச்சு."

"அப்பா, எங்களுக்கு எதுவும் கேட்கலையே..."

டெசிபல் மெதுவாகத் திரும்பி மைக் தண்டைப் பார்த்தான்.

விசில் ஆடிக்கொண்டிருந்தது.

அதன் வாய்ப்பக்கத்தில், பளபளத்த உலோகத்தின் மேல், மெல்லிய ஆவி படிந்திருந்தது. குளிர்ந்த கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரங்களில் இருந்து சுருங்கி, சுருங்கி, ஒரு பொட்டாகி, மறைந்தது.

டிரைவரும் அதைப் பார்த்துவிட்டார்.

"சொல்லும்மா" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி டெசிபல் அதுவரை கேட்கவில்லை. "பதிவுல என்ன இருந்துச்சு?"

மகள் சுவரில் சாய்ந்தாள். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு எட்டும்படி உரக்கச் சொல்ல வேண்டிய விஷயம் அது. உரக்கச் சொல்லக்கூடிய விஷயமாக இல்லை.

"ஊதினாங்கப்பா! அம்மா ஊதினாங்க!"

டிரைவர் தலையாட்டினார். அதிர்ச்சியில் ஆடிய தலை இல்லை. நிலையம் வந்துவிட்டது என்று கண்டக்டர் சொன்னால் ஆட்டும் தலை.

"அது தெரியும்மா."

"தெரியுமா?"

"நான் உள்ள வந்தப்போ இது அவ உதட்டுலதான் இருந்துச்சு. பல்லால கடிச்சுப் பிடிச்சிருந்தா. நீ வந்து பார்த்தா தாங்க மாட்டேன்னு நான்தான் எடுத்துத் துடைச்சு மாட்டினேன்." வடிகட்டியை மேசையில் வைத்தார். விரல்கள் எதையாவது பிடிக்கத் தேடின. "ஊதினாளான்னு எனக்குத் தெரிய வேண்டாம். ஊதியிருக்கா. சத்தம் வந்துச்சான்னுதான் தெரியணும். சத்தம் வந்தும் இந்தப் பாழாப்போன காதுல விழலையா? இல்ல, வரவே இல்லையா? இது ஒண்ணுக்குத்தான் ரெண்டு ஜோடி ஸ்பீக்கரைக் கொளுத்தினேன். தம்பி, நீ சொல்லு. மறைக்காம சொல்லு."

டெசிபல் அவர் காதருகே குனிந்தான்.

"சத்தம் வரல சார். வெறும் காத்து. உள்ள இருக்கற உருண்டை மட்டும் உருண்டிருக்கு."

"நல்ல காது இருக்கறவன் கூடத்துல உக்காந்திருந்தா?"

"கேட்டிருக்காது."

"டிவி இல்லாம இருந்தா?"

"இல்ல சார். என் காதுக்கே கேட்டிருக்காது."

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சரின் நாற்காலி. கொஞ்ச நேரம் முதுகு மட்டும் குலுங்கியது. மகள் தரையிலேயே நகர்ந்து வந்து, அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். அவர் கை அவள் தலைமேல் போய் உட்கார்ந்தது.

"பாவி. சத்தமே இல்லாம கூப்பிட்டிருக்கா" என்றார். "ஆயுசு முழுக்க அப்படித்தான். கூப்பிடறதே தெரியாம கூப்பிடுவா."

வெயில் மங்கி, ஜன்னல் கம்பளியின் ஓரம் செம்மண் நிறமானது. டிரைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். விசிலைக் கயிற்றோடு கழற்றினார்.

"ஒரு விசில் ஊதிட்டுத்தான் இன்னும் நிக்கிறா. ஆள் வரல, வண்டியை நிறுத்துன்னு. வந்துட்டேன்மா. லேட்டுதான். வந்துட்டேன். நீ கிளம்பு."

உதட்டில் வைத்து இரண்டு முறை ஊதினார். நீளமாக, நிறுத்தி. அந்தச் சின்ன அறையில் அது காதைக் கிழித்திருக்க வேண்டும். கம்பளிகள் அதை அப்படியே வாங்கிக்கொண்டன.

இரண்டு விசில். போகலாம்.

டெசிபல் இடது ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். கூம்பு அசையவில்லை.

கிளம்பும்போது டிரைவர் இரண்டு ஸ்பீக்கர்களையும் பையில் போட்டுக் கொடுத்தார். "இதுங்க பொழைக்குமா பாரு. அவளுக்காக வாங்கினது, தூக்கிப் போட மனசு வரல. அப்படியே அந்தப் பாடத்தையும் சுத்தம் பண்ணி நூலகத்துக்குக் குடுத்துடு. பாதிதான் இருக்கு, இருந்தாலும் பசங்க அவ குரலைக் கேட்கட்டும்." வாசலில் மகள் அவர் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். "ராத்திரி நான் இங்கேயே இருக்கட்டுமாப்பா?" என்று அவள் கேட்டது டெசிபலுக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும் போல. "நாளைக்கு ஆபீஸ் இருக்குல்ல, போ போ. இன்னிக்கு எனக்கு நல்லாத் தூக்கம் வரும்" என்றார்.

மறுநாள் காலை கடையைத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, டெசிபல் பாடத்தை எடுத்தான். தெருவில் பள்ளி வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பயப்பட ஒன்றும் இல்லாத நேரம். ஸ்பீக்கர்கள் இரண்டும் முகத்துணி இல்லாமல் மேசை ஓரத்தில் இருந்தன, வயர்கள் சுருட்டிக் கட்டியபடி.

இந்த முறை, டிரைவர் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த மூலப் பதிவையே திறந்தான். நேற்று யாரும் தொடாதது.

ஆற்றின் பாடத்துக்கு அப்புறம், இருமலுக்கு அப்புறம், தட்டையான அந்த நீண்ட வெற்றிடத்தின் கடைசியில், திரையில் ஒரு கோடு நின்றது. ஒல்லியாக, நெட்டையாக, கூரையைத் தொட்டுக்கொண்டு, சிவப்பாக.

நேற்று அது அங்கே இல்லை.

டிரைவர் ஊதிய விசில் எப்படியோ பதிவாகிவிட்டதோ? மைக் அணைந்திருந்தது. பதிவின் தேதியும் பழையதே. தலையில் கை வைக்க வேண்டிய உயரம் அது, வைத்தான். ஒலியைக் குறைத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனான்.

விசில்.

முழுசாக. நெஞ்சு நிறைய மூச்சை வாங்கி, சிரமமே இல்லாமல், ஒரு தடங்கல் இல்லாமல் ஊதிய விசில்.

இரண்டாவதுக்காகக் காத்திருந்தான். பதிவு முடியும் மட்டும் காத்திருந்தான்.

இரண்டாவது வரவில்லை.

ஒரு விசில். நிறுத்து. ஆள் பாக்கி இருக்கு.

டெசிபல் ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். போனை எடுத்து டிரைவர் வீட்டு எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவருக்கு மணி கேட்காது என்பது அவனுக்குத் தெரியும். அதை நினைத்து மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தான். கேட்காது, அவ்வளவுதான். டிவி பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னல் வழியாக யாராவது கையை ஆட்டினால் போதும்.

போனைக் காதில் வைத்தபடியே திரும்பினான்.

மேசை ஓரத்தில், இடது ஸ்பீக்கரின் கிழிந்த கூம்பு முன்னால் வந்தது. நிதானமாகப் பின்னால் போனது. நடுக்கம் இல்லை. இரைப்பு இல்லை.

பக்கத்தில், சுருள் எரிந்து செத்துப்போன வலது ஸ்பீக்கரும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது.